வானளாவிய அதிகாரம்: பி.எச்.பாண்டியன் வக்கீலாகப் பேசினாரா, சபாநாயகராகப் பேசினாரா?

சேர்மாதேவி மாப்பிள்ளை

நான் பெண் எடுத்த ஊர் சேரன்மகாதேவி. போன வாரம் மாமனார் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருக்கும்போது டிவியில் சபாநாயகர் அதிகாரம் பற்றி நான்கு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். மாமனார் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "எங்க தொகுதிக்காரர் உட்கார்ந்த நாற்காலி மாப்ளே அது, இவனுவளுக்கு என்ன தெரியும்" என்றார். எம்.ஜி.ஆர் ஆட்சியில் சபாநாயகராக இருந்த பி.எச்.பாண்டியனைச் சொல்கிறார். எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது, சபாநாயகருக்கு உண்டு என்று அவர் சொன்ன "வானளாவிய அதிகாரம்" என்ற இரண்டே வார்த்தைதான், அதுவும் யாராவது கிண்டலுக்குச் சொல்லிக் கேட்டது.

அப்புறம் கொஞ்சம் தேடிப் படித்தேன். மனுஷன் வக்கீல், சென்னை உயர் நீதிமன்றத்தில் கவுன் போட்டவர். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. சட்டமே தெரியாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தாறுமாறாக நடந்தால் புரிந்துகொள்ளலாம். சட்டம் படித்து அதிலேயே பிழைத்தவர், ஒரு பத்திரிகை ஆசிரியரை ஒரு ஜோக்குக்காகச் சிறைக்கு அனுப்பும் தீர்மானம் நடக்கும்போது அந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருந்தார்? விவரம் தெரிந்த பெரியவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம். (வேண்டாம் என்றால் நிற்கவா போகிறது.)

பழைய பேப்பர்

நல்ல இழை. முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒரு வருஷம் சொல்வார்கள்.

1977இல் எம்.ஜி.ஆர் முதல்முறையாக ஆட்சியைப் பிடித்த அதே தேர்தலில் பாண்டியன் சேரன்மகாதேவியில் ஜெயித்து உள்ளே வந்தார். 1980, 1984, 1989 என்று தொடர்ந்து அதே தொகுதி, ஆக நான்கு முறை. 1980இல் க.இராசாராம் சபாநாயகர், பாண்டியன் துணைச் சபாநாயகர். 1985 பிப்ரவரி 27ஆம் தேதி சபாநாயகர் ஆனார். 1989 பிப்ரவரி வரை அந்தப் பதவி அவரிடம்தான் இருந்தது.

இந்த நான்கு வருஷத்தில் மூன்று பெரிய சம்பவங்கள். 1986 டிசம்பரில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்ட நகலை எரித்ததற்காக அன்பழகன் உட்பட 10 திமுக எம்.எல்.ஏக்களின் பதவி போனது. 1987 ஏப்ரலில் ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சிறை. 1988 ஜனவரியில் ஜானகி அம்மாவின் நம்பிக்கை வாக்கெடுப்பு. இந்த மூன்றிலும் நாற்காலியில் இருந்தவர் அவர். ஒரே சபாநாயகர் காலத்தில் இவ்வளவும் நடந்தது வேறு எங்கேயும் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

குறும்பன்

வானளாவிய அதிகாரம் சரி, ஆனால் கோட்டையில் சட்டமன்றத்துக்குக் கூரை உண்டே? கூரையைத் தாண்டிப் போகும்போது முட்டாதா?

பழைய பேப்பர்

முட்டியது குறும்பன். ஏழு வருஷம் கழித்து, பக்கத்துக் கட்டடத்தில். உயர் நீதிமன்றம் கோட்டையிலிருந்து நடந்து போகும் தூரம்தானே. வருகிறேன் அதற்கு.

ரிட்டயர்டு டீச்சர்

விகடன் விஷயம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். ஸ்டாஃப் ரூமில் ஒரே ஒரு விகடன் வாங்குவோம், எட்டுப் பேர் காசு போட்டு. அந்த இதழ் மட்டும் யார் வீட்டுக்குப் போனது என்றே தெரியாமல் காணாமல் போய்விட்டது.

அட்டையில் வந்த ஜோக் அவ்வளவு பெரிய ஜோக்கும் இல்லை. மேடையில் உட்கார்ந்திருப்பவர்களில் யார் எம்.எல்.ஏ, யார் மந்திரி என்று ஒருவர் கேட்கிறார், ஒருவர் ஜேப்படிக்காரர் மாதிரியும் இன்னொருவர் முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரியும் இருப்பதை வைத்து அடையாளம் சொல்கிறார் மற்றவர். டீக்கடையில் தினமும் இதைவிடக் காரமாகப் பேசுவார்கள். சட்டமன்றம் கொதித்துவிட்டது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், ஆசிரியர் முடியாது என்றார். மூன்று மாதம் கடுங்காவல் என்று சபை தீர்மானித்து, சென்னை மத்திய சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

எங்கள் தலைமையாசிரியர் தீவிர எம்.ஜி.ஆர் பக்தர். அவரே அன்றைக்கு, "ஜோக்கைப் படிக்காதவனெல்லாம் இப்ப தேடிப் படிக்கிறான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். நாடு முழுக்கப் பத்திரிகைகள் எழுதித் தள்ளவும் ஓரிரு நாளில் விட்டுவிட்டார்கள்.

வாய்தா வக்கீல்

மாப்பிள்ளை கேட்ட கேள்விக்கு வருகிறேன். "சட்டம் தெரிந்தவர் எப்படி இப்படி" என்கிறீர்கள். சட்டம் தெரிந்ததால்தான் இப்படி என்பது என் கட்சி.

அரசியல் சட்டத்தில் 194ஆவது பிரிவு, மூன்றாவது உட்பிரிவு. சட்டமன்றத்துக்கு என்னென்ன உரிமைகள் என்பதை அந்தச் சட்டமன்றமே ஒரு சட்டம் போட்டு வரையறுக்கலாம், அதுவரை பழைய ஏற்பாடு தொடரும் என்று இருக்கிறது. பழைய ஏற்பாடு என்றால் லண்டனில் இருக்கும் காமன்ஸ் சபைக்கு 1950இல் என்ன இருந்ததோ அது. 1978இல் 44ஆவது திருத்தம் வந்து வார்த்தையை மாற்றியது, ஆனால் சரக்கு பழையதுதான். அந்தக் காமன்ஸ் சபைக்கு, தன்னை அவமதித்தவனைச் சிறையில் போடும் அதிகாரம் இருந்தது. வரையறுத்துச் சட்டம் போடுங்கள் என்றால் நம் ஆட்கள் போடுவார்களா? போட்டால் எல்லை வந்துவிடும். எல்லை வந்தால் நீதிமன்றம் அளந்து பார்க்கும். அதனால் எழுபது வருஷத்துக்கு மேல் "அதுவரை" என்ற ஒரு சொல்லிலேயே வண்டி ஓடுகிறது.

இதோடு 212ஆவது பிரிவைச் சேர்த்துப் படியுங்கள். சபை நடவடிக்கையில் நடைமுறைத் தவறு இருக்கிறது என்று சொல்லி எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. ஒரு வக்கீல் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அவனுக்கு என்ன தெரியும்? கதவு திறந்து கிடக்கிறது, காவலுக்கு ஆள் இல்லை என்பது தெரியும். பாண்டியன் அதை ஒளித்துச் செய்யவில்லை, வாய்விட்டுச் சொன்னார். அவர் சொன்னது ஆணவமாகத் தெரிந்தது, ஆனால் ஏட்டுப்படி முழுப் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

குறும்பன்

வக்கீல் சார், "என் கட்சி" என்று ஆரம்பித்தீர்களே, நான் எந்தக் கட்சி என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன்.

சேர்மாதேவி மாப்பிள்ளை

நன்றி வக்கீல் சார். ஆனால் எனக்கு இன்னும் தீரவில்லை. இரு தரப்பையும் கேள், அப்புறம் தீர்ப்புச் சொல் என்பது சட்டக் கல்லூரியில் முதல் நாள் பாடம் இல்லையா? அதை அவர் படித்திருப்பாரே.

வாய்தா வக்கீல்

படித்திருப்பார். ஆனால் அந்தப் பாடம் நீதிபதிக்கு. வக்கீலுக்கு இல்லை.

நான் இருபத்தாறு வருஷமாகத் தொழிலில் இருக்கிறேன், மாவட்ட நீதிமன்றம்தான், பெரிய இடமெல்லாம் இல்லை. எங்கள் பழக்கத்தைச் சொல்கிறேன். கட்சிக்காரர் வருகிறார், கட்டைப் பிரிக்கிறோம், நம் பக்கத்துக்கு என்ன இருக்கிறது என்று தேடுகிறோம். எதிர்த் தரப்பு நியாயத்தை எடுத்துச் சொல்ல அவனுக்கு ஒரு வக்கீல் இருக்கிறான், நமக்கென்ன என்பதுதான் தொழில் தர்மம். அது தவறும் இல்லை, ஏனென்றால் மேலே ஒருவர் உட்கார்ந்து இரண்டையும் கேட்கிறார். பாண்டியன் செய்தது என்னவென்றால், மேலே இருக்கும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அந்த நாற்காலிக்காகவே வக்காலத்துப் போட்டார். கட்சிக்காரரும் அவரே, வக்கீலும் அவரே, தீர்ப்பும் அவரே. வாதம் பிரமாதமாக இருந்தது. எதிர்வாதத்துக்குத்தான் ஆள் இல்லை.

1964 கதை ஒன்று உண்டு, தெரியாதவர்களுக்காக. உத்தரப் பிரதேசச் சட்டமன்றம் கோரக்பூர்க்காரர் கேசவ் சிங் என்பவரை ஒரு துண்டுப் பிரசுரத்துக்காக ஏழு நாள் சிறையில் போட்டது. லக்னோவில் இரண்டு நீதிபதிகள் ஜாமீன் கொடுத்தார்கள். சபை என்ன செய்தது தெரியுமா? அந்த இரண்டு நீதிபதிகளையும், மனு போட்ட வக்கீலையும் பிடித்துக்கொண்டு வா என்று தீர்மானம் போட்டது! அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் 28 நீதிபதிகள் ஒரே பெஞ்சாக உட்கார்ந்து அதற்குத் தடை போட்டார்கள். குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டி வந்தது. ஏழு பேர் அமர்வு, ஜாமீன் கொடுத்தது நீதிபதிகளின் வேலைதான், அவர்களைச் சபை அழைக்க முடியாது என்று சொன்னது. பாண்டியன் தொழிலுக்கு வந்த காலத்தில் இந்த வழக்கைப் பற்றிப் பேசாத பார் ரூம் இருந்திருக்காது. ஆகவே எல்லை எங்கே என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

கழகத் தொண்டன் 77

எல்லாரும் சேர்ந்து ஒரு மனுஷனைப் போட்டு அடிக்கிறீர்கள். கொஞ்சம் பின்னாடி போய்ப் பாருங்கள்.

1972 டிசம்பரில் என்ன நடந்தது? எம்.ஜி.ஆர் பிரிந்து வந்த புதிது. சபாநாயகர் மதியழகன் ஒரு பக்கம், துணைச் சபாநாயகர் சீனிவாசன் இன்னொரு பக்கம் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சபையை நடத்தினார்கள். (1967இல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தாரே, அதே பெ.சீனிவாசன்தான்.) ஒரே சபை, இரண்டு சபாநாயகர். அப்போது யார் ஆட்சி? வானளாவிய அதிகாரம் என்று சொன்னவருக்கு முன்னாலேயே வானத்தைப் பங்கு போட்டவர்கள் உண்டு.

அவருக்குப் பின்னாலும் பாருங்கள். 1992இல் சேடப்பட்டி முத்தையா சபாநாயகராக இருந்த காலத்தில் முரசொலி ஆசிரியர் செல்வத்தைச் சபையில் கூண்டு செய்து அதில் நிற்க வைத்தார்கள். 2003இல் காளிமுத்து காலத்தில் தி இந்து ஆட்களுக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்று தீர்மானம். காளிமுத்து தமிழ் படித்தவர், மேடையில் தமிழ் அருவி மாதிரி கொட்டும். அவர் வக்கீல் இல்லையே? அப்போது வக்கீல் தொழிலை ஏன் இழுக்கிறீர்கள்?

இன்னொன்று. சி.பா.ஆதித்தனாரும் நெல்லைச் சீமைதான், காயாமொழி. அவரும் லண்டனில் பாரிஸ்டர் படித்துச் சிங்கப்பூரில் தொழில் செய்தவர். 1967இல் சபாநாயகர். சபையைத் திருக்குறள் சொல்லி ஆரம்பிக்கிற பழக்கம் அவர் கொண்டுவந்ததுதான். அவரும் வக்கீல்தான். ஆக வக்கீல் என்பதால் ஒன்றும் இல்லை, எல்லாம் நேரம்.

ரிட்டயர்டு டீச்சர்

தொண்டன் தம்பி, மற்றவர்களும் செய்தார்கள் என்பது எங்கள் வகுப்பில் பையன்கள் சொல்லும் பதில். "டீச்சர், அவனும்தான் காப்பியடிச்சான்."

ஆனால் ஆதித்தனார் விஷயம் நல்ல பாயிண்ட், ஒத்துக்கொள்கிறேன்.

வாய்தா வக்கீல்

தொண்டன் 77 சொன்னதில் பாதி சரி. கூண்டு செய்வதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை, தச்சர் போதும். ஆனால் முன்னே ஒருவர் செய்து காட்டி, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்தவர் கூண்டு செய்கிறார். நாங்கள் முன்தீர்ப்பு என்போம். நல்ல முன்தீர்ப்பு, கெட்ட முன்தீர்ப்பு என்று அது பார்க்காது, இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும்.

2003 வேறு மாதிரி முடிந்தது. சில நாளிலேயே உச்ச நீதிமன்றம் கைதுக்குத் தடை போட்டது. நடுவில் என்ன மாறியது? 1994. விகடன் ஆசிரியர் சும்மா விடவில்லை, உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நின்றார். கைது செல்லாது என்று தீர்ப்பு, 1,000 ரூபாய் இழப்பீடு. ஆயிரம் ரூபாய் என்றால் சிரிக்காதீர்கள், அவர் கேட்டது பணம் இல்லை. குறும்பன் கேட்ட கூரை அதுதான்.

பழைய பேப்பர்

நான் சொல்ல வைத்திருந்ததை வக்கீல் சார் சொல்லிவிட்டார். சரி, 1988க்கு வருகிறேன். அதுதான் இந்தக் கதையின் கனமான பகுதி, விகடன் விவகாரத்தையே எல்லாரும் பேசுவதால் இது பின்னால் போய்விட்டது.

1987 டிசம்பர் 24 எம்.ஜி.ஆர் மறைவு. நெடுஞ்செழியன் தற்காலிக முதல்வர். கட்சி இரண்டாகிறது. ஜானகி அம்மாவுக்கு 97 எம்.எல்.ஏக்கள் ஆதரவு என்று கடிதம், ஜெயலலிதா பக்கம் முப்பது சொச்சம். ஆளுநர் குரானா ஜானகியை அழைத்து 1988 ஜனவரி 7 பதவியேற்பு. பெரும்பான்மையை நிரூபிக்க ஜனவரி 28.

234 பேர் சபையில் 97 போதாது. காங்கிரஸிடம் அறுபதுக்கு மேல் இருந்தது, அவர்கள் கை கொடுக்கவில்லை. அன்றைக்குச் சபைக்குள் நடந்ததைப் பற்றி எழுதினால் இழை போதாது. மைக் பறந்தது, ஆட்கள் அடிபட்டார்கள், போலீஸ் உள்ளே வந்து தடியடி நடத்தியது, சட்டமன்றத்துக்குள்! ஜெயலலிதா அணி எம்.எல்.ஏக்களைச் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். ஜானகி ஜெயித்துவிட்டதாக அறிவிப்பும் வந்தது. இரண்டே நாள், ஜனவரி 30 ஆட்சி கலைப்பு. மொத்தம் மூன்று வாரம் சொச்சம் நடந்த ஆட்சி.

எங்கள் அப்பா அன்றைக்கு ரேடியோவை அணைக்கவே இல்லை. பேட்டரி தீர்ந்து ராத்திரி ஒன்பது மணிக்கு என்னைக் கடைக்கு விரட்டினார். கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டுத் தன் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தார்.

வாய்தா வக்கீல்

இதில் ஒரு சட்டக் கணக்கு இருக்கிறது, யாரும் பேசுவதில்லை.

கட்சித் தாவல் தடைச் சட்டம், அதாவது பத்தாவது அட்டவணை, 1985 மார்ச் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. பழைய பேப்பர் சொன்ன தேதியைப் பாருங்கள், பாண்டியன் பதவியேற்றது பிப்ரவரி 27. அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து இரண்டே நாளில், ஒரு எம்.எல்.ஏவின் பதவியைப் பறிக்கும் அதிகாரம் டெல்லியிலிருந்து வீடு தேடி வந்தது. அதன் ஏழாவது பத்தியில் இதில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்றே எழுதியிருந்தது.

அப்போதைய விதிப்படி ஒரு கட்சியில் மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் அது பிளவு, பதவி போகாது. (2003இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.) 1984 தேர்தலில் அதிமுக ஜெயித்தது 132. மூன்றில் ஒன்று 44. ஜெயலலிதா பக்கம் முப்பது சொச்சம். கணக்கு இடிக்கிறது இல்லையா? பிளவு என்று சொல்லித் தப்ப ஆள் பத்தவில்லை. ஒரு வக்கீலுக்கு இந்த எண் போதும். மூலக் கட்சி எது, யாருடைய கொறடா செல்லும் என்பதெல்லாம் மூன்று மாதம் வாதாட வேண்டிய விஷயம், அதை ஒரே நாளில், வாக்கெடுப்பு நடக்க இருக்கும் அந்த நாளிலேயே முடித்தார். தகுதி நீக்கம் சரியா தப்பா என்பதைவிட எனக்கு உறுத்துவது அந்த அவசரம்தான். தீர்ப்பு எழுதும் கையும் அதனால் லாபம் அடையும் அணியும் ஒரே பக்கத்தில் இருந்தன.

1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கு. உச்ச நீதிமன்றம் அந்த ஏழாவது பத்தியை அடித்துவிட்டு, தகுதி நீக்கம் செய்யும்போது சபாநாயகர் ஒரு தீர்ப்பாயம், அவர் உத்தரவை நீதிமன்றம் பார்க்கலாம் என்றது. அது நாகாலாந்துப் பிரச்சினையிலிருந்து கிளம்பிய வழக்கு. 2017இல் சபாநாயகர் தனபால் 18 எம்.எல்.ஏக்களைத் தகுதி நீக்கம் செய்தபோது ஒரு வருஷம் உயர் நீதிமன்றத்தில் இழுத்தார்களே, இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொல்லி மூன்றாமவரிடம் போனதே, அப்படிப் போக முடிந்ததற்கு இதுதான் வழி. கடைசியில் தகுதி நீக்கம் செல்லும் என்றுதான் வந்தது, அது வேறு.

கழகத் தொண்டன் 77

அவசரம் என்கிறீர்கள். தலைவர் உடல் அடக்கம் ஆகி ஒரு மாதம். ஊர்வலத்தில் என்ன நடந்தது என்று நாடே பார்த்தது. அந்த நேரத்தில் தலைவரின் மனைவி பக்கம் நின்றார், அவ்வளவுதான். அவர் நினைத்திருந்தால் காற்றடிக்கிற பக்கம் போயிருக்கலாம். போகவில்லை. இதையும் எழுதுங்கள்.

ரிட்டயர்டு டீச்சர்

எழுத வேண்டியதுதான். அதில் மறுப்பு இல்லை. ஆனால் நிற்பது வேறு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நிற்பது வேறு.

அப்புறம் 1986 விஷயத்தை யாரும் தொடவில்லையே? எனக்கு அதில் மனசு இரண்டாகத்தான் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் மேல் உண்மையான பற்று கொண்டிருப்பேன் என்று உறுதிமொழி எடுத்துத்தான் எம்.எல்.ஏவாக உட்காருகிறார்கள். அப்படி உட்கார்ந்தவர்கள் அதன் நகலைத் தெருவில் வைத்து எரித்தால் உறுதிமொழி என்ன ஆவது என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். எரித்தது ஆட்சிமொழி பற்றிய பகுதியைத்தான், எதிர்ப்பு இந்தித் திணிப்புக்குத்தான் என்பதும் நியாயமான பதில்தான். திமுக அந்தச் சபையில் 24 பேர், அதில் 10 பேரை எடுத்துவிட்டால் எதிர்க்கட்சி என்று என்ன மிஞ்சும்?

வாய்தா வக்கீல்

டீச்சர் சொல்வது சரி. அந்த வழக்கு உயர் நீதிமன்றம் போனது, நீக்கத்தை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. மூன்று சம்பவங்களில் அவருடைய வாதத்துக்குப் பலமான கால் இருந்தது இதில்தான். எனக்கே அதைப் படிக்கும்போது, உறுதிமொழியைப் பிடித்து இழுத்தது நல்ல வக்கீலின் வேலை என்று தோன்றும். பிடிக்கவில்லை என்றாலும் தோன்றும்.

குறும்பன்

ஒரு சந்தேகம், கிண்டல் இல்லை. 1988 ஜனவரியில் சபை கலைந்தது என்கிறீர்கள். 1989 பிப்ரவரி வரை பாண்டியன் சபாநாயகர் என்றும் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. இந்த ஒரு வருஷம் அவர் எதற்குச் சபாநாயகர்?

வாய்தா வக்கீல்

சபாஷ், இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

179ஆவது பிரிவு. சபை கலைந்தாலும் சபாநாயகர் பதவி கலையாது. அடுத்த சபை முதல்முறை கூடுவதற்குச் சற்று முன்புவரை அவர்தான் சபாநாயகர். எம்.எல்.ஏக்கள் எல்லாரும் முன்னாள் ஆகிவிடுவார்கள், முதலமைச்சர் முன்னாள், மந்திரிகள் முன்னாள், இவர் மட்டும் இந்நாள். ஆளுநர் ஆட்சி நடந்த ஒரு வருஷமும் உறுப்பினரே இல்லாத சபைக்கு அவர் சபாநாயகர். மணி அடித்தாலும் யாரும் வரப்போவதில்லை. அமைதி, அமைதி என்று சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

குறும்பன்

வானளாவிய அதிகாரம், தரையில் ஒரு ஆள்கூட இல்லை. எனக்கு இன்றைக்குத் தூக்கம் வராது.

சேர்மாதேவி மாப்பிள்ளை

இந்த இழையை மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் முறைத்தார், பாதிக்கு மேல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே வாங்கி வாசித்தார். 1988 பகுதி வந்ததும் ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 1989 தேர்தலில் ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். மாநிலம் முழுக்க திமுக அள்ளியது. ஜானகி அம்மாவே ஆண்டிபட்டியில் தோற்றுப்போனார். அந்த அணியில் ஜெயித்தவர்களை எண்ண ஒரு கை விரல்கூட முழுசாக வேண்டாம், அதில் ஒருவர் சேரன்மகாதேவி பாண்டியன். "மெட்ராஸ்ல எல்லாரும் திட்டுன ஆளை நாங்க திரும்ப அனுப்பிச்சோம்" என்றார். ஏன் மாமா என்றேன். "விகடன்காரருக்கு சேர்மாதேவில ஓட்டு இல்லயே" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "வக்கீலுக்குப் படிச்ச பய, ஊர்ல ஒரு காரியம்னா ஆபீசர் முன்னால நின்னு பேசுவான், அதுக்குத்தான் ஓட்டு, புறாவுக்கா போட்டோம்" என்றார். இதுவும் ஒரு பதில்தான் என்று தோன்றியது. வக்கீல் என்பது அந்த ஊருக்கு வேறு அர்த்தம், கோட்டைக்கு வேறு அர்த்தம்.

பழைய பேப்பர்

உங்கள் மாமனார் இழைக்கு நேரடியாக வந்து எழுதலாம். இங்கே பாதிப் பேரைவிட நன்றாக எழுதுவார்.

பிற்பாடு நடந்ததையும் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன். இரண்டு அணியும் 1989இல் ஒன்றானது, அப்புறம் பாண்டியன் ஜெயலலிதா தலைமையிலேயே கட்சியில் இருந்தார், யாரைத் தகுதி நீக்கம் செய்தாரோ அவர்களோடேயே! 1999இல் திருநெல்வேலி எம்.பி. மகன் மனோஜ் பாண்டியனும் சட்டம் படித்தவர், அதே சேரன்மகாதேவியில் எம்.எல்.ஏ ஆனார். 2008 தொகுதி மறுசீரமைப்பில் அந்தத் தொகுதியே இல்லாமல் போனது.

கடைசியாகப் பெரிய அளவில் அவர் பேசியது 2017 பிப்ரவரி 7. சசிகலா பொதுச்செயலாளர் ஆனது கட்சி விதிப்படி செல்லாது என்று பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அடுக்கினார். ராத்திரி ஓ.பன்னீர்செல்வம் மெரினாவில் போய்த் தியானத்தில் உட்கார்ந்தார். மறுநாள் எல்லாரும் அந்தத் தியானத்தைப் பற்றியே பேசினார்கள், காலையில் நடந்த பேட்டி அதில் மூழ்கிவிட்டது. ஆனால் அந்தப் பேட்டியைக் கேட்டுப் பாருங்கள், எழுபது வயசைத் தாண்டியும் கட்சி விதியை வரி வரியாகப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். 2020 ஜனவரி 4 காலமானார்.

வாய்தா வக்கீல்

அந்தப் பேட்டியை நான் பார்த்தேன். என் ஜூனியர் பையன் பக்கத்தில் இருந்தான், "யார் சார் இவர், நல்லாப் பேசுறாரே" என்றான். அவனுக்கு 1988ஐப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், வாய்தாவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ரிட்டயர்டு டீச்சர்

மாப்பிள்ளை, மாமனாரிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அந்த விகடன் இதழ் சேர்மாதேவிக்கு வந்ததா, வந்திருந்தால் யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா? எங்கள் எட்டுப் பேர் காசு அதில் இருக்கிறது.

சேர்மாதேவி மாப்பிள்ளை

கேட்டேன் டீச்சர். பஸ் ஸ்டாண்ட் கடைக்கு வந்ததாம், அன்றைக்கு மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டதாம். இவர் சலூனில் படித்தாராம். சிரித்தீர்களா என்றேன். "கட்டிங் பாதியில நிக்குது மாப்ளே, தலையை ஆட்ட முடியாது, அதனால வெளில சிரிக்கல" என்றார்.